மங்கள வார்த்தைக்கு நெத்திலி

ஒரு துரை சீமைக்குத் திரும்பிப் போனதால் எங்கள் மாமாவுக்கு ஒரு நாய் கிடைத்தது. மேசை நாற்காலிகளைத் துரை ஏலத்தில் போட்டார். பியானோவை இன்னொரு துரை வாங்கிக்கொண்டார். நாயை மட்டும் யாரும் கேட்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் துரைமார்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நாயை வீட்டுக்குப் பின்பக்கம் கூட்டிப்போய்ச் சுட்டுவிட்டுக் கப்பலேறுவார்கள். அது கருணை என்று வேறு சொல்லிக்கொள்வார்கள். மாமா அந்தத் துரையின் கீழே துறைமுகத்தில் கிராணியாக இருந்தார். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளைச் சரிபார்க்கிற வேலை. நாயைப் புதைக்க ஒரு ஆள் ஏற்பாடு செய் என்று துரை சொன்னாராம். "புதைக்க ஆள் இல்லீங்க சார், வளர்க்க ஆள் இருக்கு" என்று மாமா சொன்னாராம். உண்மையில் அப்படித்தான் சொன்னாரா, பிறகு கதை சொல்லும்போது சேர்த்துக்கொண்டாரா என்பது எனக்குத் தெரியாது. மாமா சொன்னால் எதுவுமே நடந்ததைவிடக் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மாமி இறந்த பிறகு எங்கள் வீட்டு மாடியறைக்குக் குடிவந்திருந்தார். மாமிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று என்னையும் தம்பியையும் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது மாமி இல்லை, பாப்பாவும் இல்லை, மாமா மட்டும் இருந்தார். எனக்கு அப்போது ஏழு வயது. மாமி போனதற்கு அழுதேன், மாமா வந்ததற்குச் சந்தோஷப்பட்டேன். இரண்டையும் ஒரே நாளில் செய்ய அந்த வயதில் ஒரு கஷ்டமும் இல்லை.

நாய் நல்ல உயரம். செம்பட்டை நிறம், தொங்கும் காது, எதையும் நம்பிவிடுகிற முகம். பெயர் டியூக். அம்மாவின் வாயில் அது முதல் நாளே 'தூக்கு' ஆகிவிட்டது. அவள் வாசலில் நின்று "தூக்கு! தூக்கு!" என்று கத்துவதைக் கேட்டு, எதிர்வீட்டுக்காரர் அரிசி மூட்டை ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். அப்போது நாங்கள் பினாங்கில் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில் குடியிருந்தோம். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் சந்து முழுக்க மீன் சாப்பிட்ட மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் பங்களாத் தோட்டத்தில் ஓடித் திரிந்த ஒரு நாயை வைத்துக்கொள்வது லேசான காரியமில்லை. வந்த வாரத்திலேயே அது துணிக்கொடியை இழுத்துப் போட்டது, தபால்காரரின் தொப்பியைக் கவ்விக்கொண்டு ஓடியது, கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பி வந்துகொண்டிருந்தபோது அவர் கையை ஆசையாக நக்கி வைத்தது. பாவம், அவர் திரும்பிப்போய்க் கையைக் கழுவிக் கழுவி நேரமாகிவிட்டது. மாமா அவர் கடைக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

ஆனால் மாமா ஒருநாளும் நாயை அடித்ததில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. எங்கள் சந்தில் பிள்ளைகளையே விளக்குமாற்றால் வளர்த்துக்கொண்டிருந்த காலம் அது. மாமா ஒரு பழைய கோணிச்சாக்கை மடித்துப் பின்கட்டில் போட்டார். அதுதான் நாயின் இடம். அதில் உட்கார்ந்தால் ஒரு பொரித்த நெத்திலி. படுத்தால் இன்னொன்று. எழுந்து ஓடினால் ஒன்றுமில்லை. திட்டு இல்லை, அடி இல்லை, நெத்திலியும் இல்லை. போய்ப் பிடித்துக்கொண்டு வந்து, மறுபடி சாக்கில் உட்காரவைத்து, முதலிலிருந்து ஆரம்பிப்பார். அந்தப் பொறுமையை நான் வேறு எந்த ஆணிடமும் பார்த்ததில்லை. என் அப்பா நல்லவர்தான், ஆனால் சட்டைப் பொத்தான் மாட்டவில்லை என்றால்கூடச் சட்டையோடு சண்டை போடுவார்.

இப்படி நாய் மெல்ல மெல்ல ஒரு நல்ல பிள்ளையாகிக்கொண்டு வந்தது, ஒரு விஷயத்தைத் தவிர. அது ஜெபமாலை.

எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் ஜெபமாலை தொடங்கும். அதில் யாருக்கும் சலுகை கிடையாது. மங்கள வார்த்தை ஜெபத்தின் முன்பாதியை அம்மா சொல்வாள். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று அது ஆரம்பிக்கும். பின்பாதியை, "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று தொடங்கி, அப்பாவும் நானும் தம்பியும் சேர்ந்து சொல்வோம். இப்படிப் பத்துப் பத்தாக ஐந்து தடவை. மாமா மட்டும் இதில் கலந்துகொள்வதில்லை. அம்மா மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்ததும் அவர் சுருட்டை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விடுவார். முடிந்த பிறகுதான் வருவார். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. கடைசியில் மட்டும் தன் தம்பிக்காக ஒரு மங்கள வார்த்தை தனியாகச் சொல்லி ஒரு பெருமூச்சு விடுவாள். நாய் வந்த பிறகு மாமா அதையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதனால் எங்களுக்கு விஷயம் தெரியாமலே இருந்தது.

ஒருநாள் நல்ல மழை. மாமா குடையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார், நாயைப் பின்கட்டில் விட்டுவிட்டு. அம்மா சிலுவை போட்டு, விசுவாச மந்திரம் சொல்லி, பரலோக மந்திரம் சொல்லி, "பிரியதத்தத்தினாலே பூரண மரி..." என்றாள். அந்தச் சொல்லை முடிக்கவில்லை. பின்கட்டிலிருந்து நாய் புயல் மாதிரி வந்து அவள் மடியில் விழுந்தது. விரட்டினோம். அம்மா மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி வந்தது. கதவைச் சாத்தினோம், கதவைப் பிறாண்டியது. நாங்கள் மூவரும் சேர்ந்து "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று சொன்னபோது கதவே பெயர்ந்துவிடும் போலிருந்தது. தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

மறுநாளே உபதேசியாரிடம் போய்ச் சொன்னாள். உபதேசியார் எங்கள் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருகிறவர். சாமியாருக்கு அடுத்தபடி அவர்தான், அவரைக் கேட்டால் சாமியாருக்கும் ஒரு படி மேலே. அவர் நாயை வந்து பார்த்தார். சேசுவின் பெயரைச் சொன்னார், நாய் கொட்டாவி விட்டது. பரலோக மந்திரம் சொன்னார், படுத்துக்கொண்டது. மரியாயே என்றார், எழுந்து வந்து அவர் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்தது.

"பிசாசுக்கு மாதா பேரக் கேட்டாத்தான் ஆகாது. இது சாதாரண நாய் இல்லம்மா" என்றார், வேட்டியைத் தட்டிக்கொண்டே.

"வால ஆட்டிக்கிட்டுல்ல வருது?" என்றாள் அம்மா.

"அது அதோட தந்திரம்."

அம்மா தீர்த்தம் தெளித்தாள். நாய் அதை நக்கிக் குடித்துவிட்டு இன்னும் வருமா என்று பார்த்தது.

இதற்குள் ஐப்பசி நெருங்கிவிட்டது. எங்கள் சந்தில் இருந்த கிறிஸ்தவ வீடுகளுக்கு மாதா சுரூபம் வருஷத்தில் ஒருமுறை, அந்த மாதத்தில் வரும். ஒரு வீட்டில் ஒருநாள் இருக்கும். அன்று அந்த வீட்டில் எல்லாரும் கூடி ஜெபமாலை சொல்வார்கள். எங்கள் முறையும் வரப்போகிறது. அன்றைக்கு இந்த நாய் இப்படி ஓடிவந்து சுரூபத்தைத் தள்ளிவிட்டால் அம்மா பிறகு கோயில் வாசலை மிதிக்க முடியாது. அவள் மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள், மாதா வருகிறதுக்குள் இதை அடக்கு, இல்லையென்றால் எங்கேயாவது கொண்டுபோய் விடு என்று. எங்கே விடுவது? யாரும் வாங்க மாட்டார்கள். கழுத்துப்பட்டை இல்லாமல் தெருவில் திரிகிற நாயை முனிசிபாலிட்டி ஆட்கள் பிடித்துச் சுட்டுவிடுவார்கள். துரையின் துப்பாக்கிக்குத் தப்பி வந்தது இன்னொரு துப்பாக்கிக்குப் போக வேண்டியதுதான். இதை நினைத்து நான் சாப்பிடாமல் அழுதேன். மாமா அழவில்லை, ஆனால் அவரும் சாப்பிடவில்லை.

விஷயம் வெளியானது படகுத்துறைக்குப் பக்கத்தில். ஒருநாள் சாயங்காலம் மாமா நாயையும் என்னையும் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அங்கே காப்பிக்கடை போட்டிருந்த ஒரு சீனர் நாயைப் பார்த்துவிட்டார். அவர் அந்தத் துரையின் பழைய குசினிக்காரர், துரைக்குச் சமைத்துப் போட்டவர். துரையோடு சிங்கப்பூரிலிருந்து வந்து, துரை போன பிறகு இங்கேயே தங்கிவிட்டவர். நாயைக் கண்டதும் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து, "மரி! மரி!" என்று கூப்பிட்டார்.

நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

மாமா நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தேன். பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல். மாமி போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மலாயில் 'மரி' என்றால் வா என்று அர்த்தம். எங்களுக்குத் தெரியாத சொல் இல்லை. ஆனால் பினாங்குப் பக்கத்து மலாய்க்காரர்கள் பேச்சில் 'மாய்' என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். சிங்கப்பூரிலிருந்து வந்த துரையும் குசினிக்காரரும் குட்டியிலிருந்தே 'மரி, மரி' என்று கூப்பிட்டு வளர்த்திருக்கிறார்கள். பாவம் அந்த நாய். ஒரு வீடு முழுக்க முழங்கால் போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்தி, அதை வா வா என்று உருகி உருகிக் கூப்பிடுகிறது. ஓடி வந்தால் அடித்து விரட்டுகிறது.

"அம்மாகிட்ட சொல்லலாம் மாமா, பிசாசு இல்லன்னு" என்றேன்.

"சொல்லலாம் லா. ஆனா ஜெபத்த மாத்த முடியாதே. நாயத்தான் மாத்தணும்."

மறுநாளிலிருந்து மாமா அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டார். முதலில் கூப்பிடுவதற்குத் தமிழைப் பழக்கினார். 'வா' என்றால் வர வேண்டும். அது சீக்கிரம் வந்துவிட்டது. நெத்திலி இருந்தால் நாய் எந்தப் பாஷையும் படிக்கும். அடுத்ததுதான் கஷ்டம். பிறந்ததிலிருந்து அன்பாகக் கூப்பிட்ட ஒரு சொல்லைக் கேட்டும் எழாமல் இருக்க வேண்டும். மாமா தூரத்தில் நின்று காற்றோடு காற்றாக 'மரி' என்பார். நாயின் காது துடிக்கும். எழாமல் இருந்தால் உடனே போய் நெத்திலி, கழுத்தில் ஒரு தடவல். எழுந்துவிட்டால் ஒன்றும் சொல்லாமல் திரும்பக் கொண்டுபோய்ச் சாக்கில் விடுவார். கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைக் கூட்டினார், கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்தார். பிறகு வெறும் சொல் போதாது என்று, ஜெபத்தையே அம்மா இழுக்கிற ராகத்தில் சொல்ல ஆரம்பித்தார்.

"அதே சொல்லுதானே மாமா, அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"கூப்பிடுற சத்தம் வேற, வேண்டுற சத்தம் வேற. நமக்குத்தான் ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும். அதுக்குத் தெரியும், பாரு."

எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் நாய் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, உடம்பு நடுங்க, முன்கால்களைச் சாக்கில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஓட வேண்டும் என்கிற ஆசை அதன் தோலுக்கடியில் ஓடுவது தெரியும். ஓடாது. வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் மாமா பின்கட்டில் முன்பாதி ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். வாளிக்கும் அம்மிக்கும் நடுவில் குந்தியபடி, ஒரு சிணுங்கல் இல்லாமல், ஒரே குரலில். நாயைவிட மாமாவை நான் அதிகம் வேடிக்கை பார்த்தேன். ஒரு மனிதரால் இத்தனை மெதுவாக ஒன்றைச் செய்ய முடியும் என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது.

நெத்திலி வறுக்க நான் அடுப்படியில் புகுந்து புகுந்து வந்தேன். அம்மா அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தது வேறு. தன் தம்பி பின்கட்டில் தனியாக உட்கார்ந்து மங்கள வார்த்தை சொல்லுகிறான்! காலையிலும் சாயங்காலத்திலும்! கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். அக்கம்பக்கத்தில் சொன்னாள். எதிர்வீட்டம்மா கதவிடுக்கில் எட்டிப்பார்த்துவிட்டு, முகத்தில் என்ன தேஜஸ் என்றாள். இது நாலைந்து நாள் நடந்தது. பிறகு ஒருநாள் அம்மா காப்பியோடு சத்தமில்லாமல் பின்கட்டுக்குப் போய், அவர் "ஆசீர்வதிக்கப்பட்டவரே" என்று முடித்துவிட்டு நாயின் வாயில் நெத்திலி போடுவதைப் பார்த்துவிட்டாள்.

"அடப்பாவி! மங்கள வார்த்தைக்கு நெத்திலியா?"

மாமா 'மரி' விஷயத்தைச் சொன்னார். அம்மா கேட்கவில்லை. அழுதாள், சிலுவை போட்டுக்கொண்டாள், நெத்திலிச் சட்டியை எடுத்துப் பரணில் வைத்தாள். கடைசியில் அப்பாதான் சமாதானம் பண்ணினார். "ஜெபமாலை முடிஞ்சதும் எனக்கு நீ சோறு போடுற, நான் ஒண்ணும் சொல்றதில்லியே. நாயும் அப்படித்தான்" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க வைத்துவிட்டாரே என்ற கோபத்தில் அப்பாவுக்கு அன்று சோறு லேட்டாகத்தான் கிடைத்தது. ஆனால் சட்டி பரணிலிருந்து இறங்கியது.

மாதா வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை. மாமா முதன்முறையாகச் சுருட்டு எடுக்காமல், கதவோரம் நாயோடு உட்கார்ந்தார். சாக்கையும் அங்கே கொண்டுவந்து போட்டிருந்தார். அம்மா தொடங்கினாள். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க." நாயின் காது துடித்தது. மாமாவைப் பார்த்தது. எழவில்லை. நான் சந்தோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவின் குரலில்கூட ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. அவள் முன்பாதியை முடித்தாள். நாங்கள் மூவரும் உற்சாகமாக, வழக்கத்தைவிடச் சத்தமாக, "அர்ச்சிஷ்ட மரியாயே" என்றோம்.

நாய் பாய்ந்தது. நேரே எங்கள் நடுவில். மெழுகுவர்த்தி சாய்ந்து, மாதாவுக்காக அம்மா தைத்து வைத்திருந்த வெள்ளை மேசைவிரிப்பின் ஓரம் கருகியது. அப்பா கையாலேயே அடித்து அணைத்தார்.

அம்மா கருகின துணியைக் கையில் வைத்துக்கொண்டு, கோபமில்லாமல், அசந்துபோன குரலில் சொன்னாள்: "நாளைக்கு விடிஞ்சா இது இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

மாமா நாயை மடியில் இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நாய் மேல் தப்பில்லை, மாமா மேல்தான் தப்பு என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "மாமா முன்பாதியைத்தான் சொல்லிக்குடுத்தாரு! பின்பாதியைச் சொல்லவே இல்ல! நான் சொல்றேன்னு சொன்னாக்கூட வேணாம்னுட்டாரு! அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மாமாவைப் பார்த்தாள். என்னை ஏன் யாரும் அதட்டவில்லை என்று எனக்குப் புரியவில்லை. அம்மா விரிப்பை மடித்து வைத்துவிட்டு, "சரி, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்" என்றாள். எழுந்துபோகும்போது மாமாவின் தலையில் கையை வைத்துவிட்டுப் போனாள், சின்னப் பிள்ளையின் தலையில் வைப்பது போல.

மறுநாள் மாமா வேலைக்குப் போகவில்லை. விடிந்ததும் பின்கட்டில் சாக்கைப் போட்டு, நாயை உட்காரவைத்து, எதிரே குந்தினார். நான் நெத்திலிச் சட்டியோடு பக்கத்தில். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அர்ச்சிஷ்ட மரியாயே" என்றார். நாய் எழுந்தது. திரும்ப உட்காரவைத்தார். மறுபடி. மறுபடி. நாய் கெட்டிக்காரன். முன்பாதியைப் படித்த தலை, இதையும் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. ஆனால் மாமா முதல் வரியைத் தாண்டவே இல்லை. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். அந்த வருஷம் நான் புதுநன்மை, அதாவது முதல் தடவையாக நற்கருணை, வாங்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். வகுப்பில் திக்கினவர்களுக்கு எடுத்துக்கொடுக்க உபதேசியார் என்னைத்தான் எழுப்புவார். அதனால் எனக்கு ஜெபத்தைப் பாதியில் நிறுத்துகிறவர்களைக் கண்டால் கை பரபரக்கும்.

"முழுசாச் சொல்லுங்க மாமா. சாயங்காலம் முழுசாத்தானே சொல்லுவாங்க."

மாமா நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். "சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக... இப்பொழுதும்..." என்று வந்து நின்றுவிட்டார்.

காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னார். மறுபடி 'இப்பொழுதும்' என்ற இடத்தில் நின்றது. இவ்வளவு பெரிய ஆளுக்கு, ஆபீசில் இங்கிலீஷ் பேசுகிறவருக்கு, தம்பிக்குக்கூடத் தெரிந்த ஜெபம் மறந்துவிட்டதே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். கொஞ்சம் பெருமையும்கூட.

"எங்கள் மரண நேரத்திலும்" என்று எடுத்துக்கொடுத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"மரண நேரத்திலும், மாமா. மரண நேரத்திலும். சொல்லுங்க." உபதேசியார் செய்வது போலவே விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். "ம-ர-ண..."

"மரண நேரத்திலும்" என்றார் மாமா.

"வேண்டிக்கொள்ளும்."

"வேண்டிக்கொள்ளும்."

"ஆமென் சொல்லுங்க."

சொன்னார். நாய் அசையவில்லை. சாக்கில் தாடையை வைத்துப் படுத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நெத்திலி கொடுக்க அவர் மறந்துவிட்டார், நான்தான் கொடுத்தேன். அன்று காலை முழுக்க அந்த ஜெபத்தை முழுசாகச் சொல்லிக்கொண்டே இருந்தோம். அவர் திக்கினபோதெல்லாம் நான் விடாமல் எடுத்துக்கொடுத்தேன். போகப்போகத் திக்குவது நின்றது.

சாயங்காலம் மாதா வந்தது. சந்து முழுக்க எங்கள் வீட்டில். உபதேசியார் தலைமை. விரிப்பின் கருகின ஓரத்தை அம்மா ஒரு பூச்சாடியால் மறைத்திருந்தாள். அத்தனை பேர் தொண்டையும் சேர்ந்து மரியாயே மரியாயே என்று திரும்பத் திரும்பச் சொல்ல, கதவோரம் நாய் மாமாவின் முழங்காலில் முகத்தை வைத்தபடி படுத்திருந்தது. ஒவ்வொரு முறையும் காது துடிக்கும், ஒரு கண் திறக்கும், மாமாவைப் பார்க்கும், மூடிக்கொள்ளும். அப்படி ஒரு அடக்கத்தை நான் பிறகு கன்னியாஸ்திரீகளிடம்தான் பார்த்தேன். உபதேசியாரே இரண்டு தடவை திரும்பிப் பார்த்து வரிசையைத் தவறவிட்டார். எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கூட்டத்தின் பதிலில் மாமாவின் குரலும் இருந்தது. பின்பாதியை அவர் முழுசாகச் சொன்னார். அம்மா ஜெபமாலையைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். நாய் நல்லபடியாக நடந்துகொண்டதற்குத்தான் அழுகிறாள் என்று நான் நினைத்தேன்.

என் முதல் குழந்தை நல்லபடியாகப் பிறந்த பிறகுதான் அம்மா எனக்கு மீதியைச் சொன்னாள். மாமிக்கு வலி எடுத்த அன்று அம்மாவும் மாமாவும் அறைக்கு வெளியே முழங்கால் போட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அம்மா முன்பாதி, மாமா பின்பாதி. மத்தியானத்திலிருந்து விடாமல். அவர் "இப்பொழுதும்" என்று சொன்னபோது கதவு திறந்தது. மருத்துவச்சி வெளியே வந்து தலையை ஆட்டினாள். மாமா அந்த வரியை முடிக்கவில்லை. அன்றிலிருந்து முடிக்கவே இல்லை.

இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், மாமாவுக்கு மங்கள வார்த்தை மறந்துபோச்சு, நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று வகுப்புப் பிள்ளைகள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது உபதேசியார் காதுக்கும் போய்விட்டது. அவர் கோயில் வாசலில் மாமாவை நிறுத்தி, சிரித்துக்கொண்டே, நிஜமா என்று கேட்டார்.

"நிஜந்தான்" என்றார் மாமா. "அவதான் எடுத்துக்குடுத்தா. இல்லன்னா நான் சொல்லியிருக்க மாட்டேன்."

எல்லாரும் கேட்கும்படி சொன்னாரே என்று நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.